அசல் கைப்பையா, கள்ளப் பையா: எதைப் பார்த்து முடிவு செய்வது?

விலையுயர்ந்த கைப்பை ஒன்றைக் காட்டி அசலா போலியா என்று கேட்டால், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். தையல் கோணியிருந்தால் போலி என்பார் ஒருவர். தோல் வாசனை அடித்தால் அசல் என்பார் இன்னொருவர். உள்ளே எண் இருக்கிறதா பார், அட்டை கொடுத்தார்களா பார், லைட்டரைக் காட்டிப் பார் என்று யோசனைகள் நீண்டுகொண்டே போகும். இவற்றில் சில அரை உண்மை, சில முழுத் தவறு. லைட்டர் சோதனையோ அசல் பையையும் பாழாக்கிவிட்டுப் போகும்.

அசல்தன்மையை ஆராய்வது எப்படி நடக்கிறது என்பதை, இந்தத் துறையில் அறிமுகம் இல்லாதவரும் பின்தொடரும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதிகமாகப் போலி செய்யப்படும் பிரெஞ்சு நிறுவனங்களில் ஒன்றான லூயி விட்டோனை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஹெர்மெஸ், ஷனெல் ஆகியவை வேறுபடும் இடங்களில் அவற்றையும் தொட்டுச் செல்கிறேன்.

## கள்ளப் பொருள் என்று எதைச் சொல்கிறோம்

ஒரு நிறுவனம் தன் பொருளை அடையாளப்படுத்தச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட பெயர், எழுத்து, வடிவம் முதலியவற்றுக்கு வணிகக் குறி என்று பெயர். அந்தக் குறியை அனுமதியின்றிப் பதித்து, அந்நிறுவனமே செய்ததுபோல் விற்கப்படும் பொருள்தான் கள்ளப் பொருள். ஒரு பிரபலமான பையின் பொதுத் தோற்றத்தைத் தழுவி, தன் சொந்தப் பெயரில் இன்னொரு நிறுவனம் விற்கும் பை இந்த வகையில் சேராது. 2024ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் வால்மார்ட் தளத்தில் விற்ற, ஹெர்மெஸின் புகழ்பெற்ற பர்கின் பையின் சாயல் கொண்ட மலிவுப் பைகளைப் பற்றி எழுந்த பேச்சில் இந்த இரண்டும் பெரிதும் குழப்பிக்கொள்ளப்பட்டன. தோற்றச் சாயலைப் பற்றிய வழக்குகள் தனி வகை. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

நம் ஊர்க் கடைகளிலும் இன்ஸ்டாகிராம் விற்பனையிலும் புழங்கும் 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'மிரர் குவாலிட்டி' என்ற சொற்களைக் கேட்பவர்கள், அசலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஏதோ ஒரு தரம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. அவை கள்ளப் பொருளுக்குள்ளேயே விற்பவர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட படிநிலைகள். அவற்றை அளந்து சான்று தரும் அமைப்பு எதுவும் இல்லை.

இது சின்ன வியாபாரமும் அல்ல. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட அறிக்கை, 2021ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையே கைமாறிய கள்ளப் பொருள்களின் மதிப்பை ஏறத்தாழ 46,700 கோடி டாலர் என்று மதிப்பிடுகிறது.

## ஒரே ஓர் அடையாளம் ஏன் போதாது

மனை வாங்கும் ஒருவர், முத்திரைத் தாள் அசல்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. மூலப் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பட்டாவில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா, எழுதியிருக்கும் நான்கெல்லை தரையில் இருப்பதோடு பொருந்துகிறதா, வில்லங்கச் சான்றில் நடுவே வேறு விற்பனை தென்படுகிறதா என்று ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிடுகிறார். மோசடி செய்பவர் ஒரு காகிதத்தை அச்சு அசலாகத் தயாரித்துவிடலாம். எல்லாக் காகிதங்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்படி தயாரிப்பதுதான் அவருக்குக் கடினம்.

கைப்பையிலும் நடப்பது இதுவே. பையின் துணி, தோல், தையல், முத்திரை, குறியீடு, மாடல் வெளிவந்த ஆண்டு, பயன்பட்ட தேய்மானம் ஆகிய எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் அசல்தன்மை ஆய்வு என்று பெயர். நடக்கவே முடியாத ஒரு முரண்பாடு கண்ணில் பட்டால் அந்தப் பை போலி என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். ஆனால் ஒரு பொருத்தத்தைக் கண்டு அசல் என்று முடிவு செய்ய முடியாது. பொருத்தங்கள் கூடக் கூட நம்பிக்கை வளரும், அவ்வளவுதான். வீட்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்காததால் வருபவை.

## ரெக்சினா, தோலா

லூயி விட்டோன் பாரிஸில் 1854இல் பயணப் பெட்டி செய்யும் கடையாகத் தொடங்கியது. பெட்டிகளின் மேல் போர்த்திய துணியை மற்றவர்கள் உடனுக்குடன் நகல் எடுத்தார்கள். முதலில் சாம்பல் நிறத் துணி, பிறகு கோடு போட்ட துணி, 1888இல் சதுரங்கக் கட்டம் போட்ட தாமியே துணி என்று நிறுவனம் மாற்றிக்கொண்டே வந்தது. நகல் எடுப்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். நிறுவனர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1896இல், அவருடைய மகன் ஜார்ஜ் தந்தையின் பெயரெழுத்துகளையும் பூ வடிவங்களையும் பின்னி மோனோகிராம் என்ற வடிவத்தை உருவாக்கினார். நகலைத் தடுப்பதற்கென்றே பிறந்த அந்த வடிவம்தான் இன்று நகல்காரர்களுக்கு அதிகம் பிடித்தமானதாக இருக்கிறது.

இங்கேதான் முதல் பெரிய தவறான புரிதல் வருகிறது. மோனோகிராம் பையின் உடல் தோல் அல்ல. அது பருத்தித் துணியின்மேல் பி.வி.சி. பூச்சு ஏற்றிய கித்தான். வகையால் பார்த்தால் நாம் ரெக்சின் என்று சொல்லும் பொருளுக்கு உறவுதான். ஆகவே 'தடவிப் பார்த்தேன், ரெக்சின் மாதிரி இருக்கிறது, அதனால் போலி' என்ற தீர்ப்பு செல்லாது. 'உண்மையான தோல் எரியாது' என்று சொல்லி நெருப்பைக் காட்டுவது அதைவிட மோசம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து ரெக்சினின் உறவுக்காரரை வாங்குவது அறிவா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரப்பட்டிகளிலும்தான். அந்தத் தோலுக்கு வக்கெட்டா என்று பெயர். மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களில் உள்ள துவர்ப்புச் சத்தைக் கொண்டு பதனிட்ட, மேலே சாயமோ பூச்சோ ஏற்றாத மாட்டுத்தோல் அது. இந்த முறை நமக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். அந்த மரபில் வந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்புகளால் விரைவாகப் பதனிடப்படுகிறது. தாவர முறையில் பதனிட்டுப் பூச்சில்லாமல் விட்ட தோலின் குணம் என்னவென்றால், வெயிலும் கையின் எண்ணெய்ப் பசையும் பட்டு அது நிறம் மாறிக்கொண்டே இருக்கும். புதிதில் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும் கைப்பிடி, சில ஆண்டுகளில் தேன் நிறத்துக்கு வரும். கை அதிகம் படும் வளைவில் இன்னும் கருக்கும். ஒரு நீர்த்துளி விழுந்தாலும் கறை தங்கும்.

இந்த நிறமாற்றம் ஆய்வாளருக்குக் கடிகாரம்போல் உதவுகிறது. பத்து ஆண்டுகள் நாள்தோறும் பயன்பட்டது என்று சொல்லப்படும் பையின் கைப்பிடி நேற்று வெட்டியதுபோல் வெளிறியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். கைப்பிடியைப் பழுதுபார்க்கும்போது மாற்றியிருக்கலாம். நிறுவனமே அந்தச் சேவையைச் செய்கிறது. அப்படியானால் பழுதுபார்த்த ரசீதோ, குறைந்தபட்சம் பொருந்தும் விளக்கமோ இருக்கும். எல்லா முரண்பாடும் தீர்ப்பாகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொரு எடுத்துக்காட்டு, அசலையே போலி என்று பழிக்க வைப்பது. மோனோகிராம் துணியில் செய்த, ஸ்பீடி என்ற மாடலின் பழைய பாணிப் பையின் முன்பக்கத்தில் எழுத்துகள் நேராக இருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் எல்லாம் தலைகீழாக நிற்கும். அச்சுப் பிழை என்று முதலில் தோன்றும். பையின் அடிப்பாகத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அங்கே இணைப்புத் தையலே இல்லை. ஒரே நீளத் துணி முன்பக்கத்திலிருந்து இறங்கி, அடியில் வளைந்து, பின்பக்கமாக ஏறுகிறது. ஏறும்போது படம் தலைகீழாகத்தானே வரும்! இரண்டு பக்கமும் நேராக இருக்க வேண்டும் என்று அடியில் வெட்டி ஒட்டும் போலி தயாரிப்பாளர், அழகாகச் செய்வதாக எண்ணி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பொருள் தோலா துணியா என்பதை அந்த மாடலைப் பொறுத்தே கேட்க வேண்டும். தோல் இருந்தால், அதன் வயது பையின் வயதோடு பொருந்துகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

## உள்ளே இருக்கும் எண் என்ன சொல்கிறது

பைக்குள் ஏதோ ஒரு மூலையில், தோல் பட்டியிலோ உள்துணியிலோ, இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் பதித்திருக்கும். இதைப் பலரும் தொடர் எண் என்று சொல்கிறார்கள். அது தொடர் எண் அல்ல. தொடர் எண் என்றால் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இது தேதிக் குறியீடு: எந்தப் பட்டறையில், எந்தக் காலத்தில் செய்தது என்பதை மட்டும் சொல்கிறது. அதே பட்டறையில் அதே வாரம் செய்த எல்லாப் பைகளிலும் ஒரே குறியீடுதான் இருக்கும். ஆகவே இரண்டு பைகளில் ஒரே எண் இருப்பதால் மட்டும் ஒன்று போலியாகிவிடாது.

2007 முதல் வழக்கில் இருந்த முறையில், முதலாம் மூன்றாம் இலக்கங்கள் சேர்ந்து வாரத்தையும், இரண்டாம் நான்காம் இலக்கங்கள் சேர்ந்து ஆண்டையும் குறிக்கும். 'சிஏ 4109' என்று ஒரு பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 4, மூன்றாவது 0. ஆக 40ஆம் வாரம். இரண்டாவது 1, நான்காவது 9, ஆக 2019. 'சிஏ' என்பது ஸ்பெயினில் உள்ள பட்டறையைக் குறிப்பதாகச் சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். அந்தப் பையின் தோல் முத்திரையில் 'பிரான்சில் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தால் இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன. பட்டறை எழுத்துகளின் பட்டியல் சேகரிப்பாளர்கள் பல பைகளைப் பார்த்துத் தொகுத்தது, நிறுவனம் வெளியிட்டது அல்ல. சில எழுத்துகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு உரியவையாகவும் உள்ளன. ஆகவே எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இலக்கங்களின் கணக்கு அதைவிட உறுதியானது. 'சிஏ 6179' என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 67ஆம் வாரம் என்று ஆகிறது. அப்படி ஒரு வாரம் எந்த ஆண்டிலும் வந்ததில்லை.

1990 முதல் 2006 வரை இதே அமைப்பில் வாரத்துக்குப் பதில் மாதம் இருந்தது. 'சிஏ 0053' என்றால் மே 2003. இந்தக் குறியீட்டில் மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது இருப்பது நெவர்ஃபுல் என்ற மாடலில் என்றால் கதை முடிந்தது. அந்த மாடல் வெளிவந்ததே 2007இல்தான். எண்ணைத் தனியாகப் பார்த்தவர் ஏமாந்திருப்பார். எண்ணையும் மாடலையும் சேர்த்துப் பார்த்தவர் தப்பித்திருப்பார்.

குறியீடு இல்லாததும் குற்றமல்ல. 1980களின் தொடக்கத்துக்கு முன் செய்த பைகளில் அது கிடையாது. 2021இல் இந்த முறை கைவிடப்பட்டு, பைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிறு மின்னணுச் சில்லு வைக்கும் முறை வந்தது. எனவே 2023இல் புதிதாக வாங்கியது என்று சொல்லப்படும் பையில் பழைய பாணித் தேதிக் குறியீடு பளிச்சென்று தெரிந்தால், அங்கேயும் கேள்வி எழ வேண்டும்.

சுருக்கம்: எண் இருப்பதோ இல்லாததோ எதையும் நிரூபிக்காது. அந்த எண் சொல்லும் காலமும் இடமும், முத்திரையோடும் மாடலோடும் தோலின் வயதோடும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேட்கத் தக்கது.

## தையல்

தையல் நேராக இருந்தால் அசல் என்பது பொதுவான நம்பிக்கை. லூயி விட்டோன் பைகள் பெரும்பாலும் தையல் இயந்திரத்தில் தைக்கப்படுவதால், அங்கே இந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். ஹெர்மெஸ் பையில் அதே அளவுகோலை வைத்தால் விடை தலைகீழாகிவிடும்.

ஹெர்மெஸ் நிறுவனம் குதிரைச் சேணம், கடிவாளம் செய்வதில் தொடங்கியது. அங்கிருந்து வந்ததே சேணத் தையல். மெழுகு பூசிய ஒரே லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் நுழைத்துக் கையால் இழுப்பது இந்த முறை. தையல் இயந்திரத்திலோ மேல்நூலும் கீழ்நூலும் தனித்தனி. தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன. அதில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் பிரிந்துகொண்டு போகும். சேணத் தையலில் ஓர் இழை அறுந்தாலும் அதே துளை வழியே போன மற்ற இழை பிடித்துக்கொள்ளும். கையால் தைப்பதால் ஒவ்வொரு தையலும் சற்றுச் சாய்ந்து விழும். மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களும் இருக்கும். ஆகவே பர்கின், கெல்லி போன்ற பைகளில் வரைகோல் வைத்து இழுத்ததுபோல் தட்டையாக ஓடும் தையல்தான் சந்தேகத்துக்கு உரியது.

உலோகப் பாகங்களையும் எழுத்து முத்திரைகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லூயி விட்டோன் முத்திரையில் 'ஓ' எழுத்து முழு வட்டமாகவும், 'எல்' எழுத்தின் அடிக்கால் குட்டையாகவும் இருக்கும். ஷனெல் பூட்டில் பின்னிய இரண்டு 'சி' எழுத்துகளில், மேற்பகுதியில் வலப்பக்க எழுத்தும் கீழ்ப்பகுதியில் இடப்பக்க எழுத்தும் மற்றதன்மீது படிந்து வரும். பயன்படும் குறிப்புகள்தான், ஆனால் இணையத்தில் எல்லாரும் படிக்கும் இவற்றை நகல் எடுப்பவரும் படித்திருக்கிறார்.

## அட்டை, பில், பெட்டி, சில்லு

'அசல்தன்மை அட்டை இருக்கிறது' என்று விற்பவர் பெருமையாக நீட்டினால், முதலில் எந்த நிறுவனத்தின் பை என்று பாருங்கள். ஷனெல் 1980களின் நடுப்பகுதியிலிருந்து எண்ணிட்ட ஒட்டுவில்லையும் அதே எண் கொண்ட அட்டையும் தந்து வந்தது. 2021 முதல் அதற்குப் பதிலாகச் சில்லு பொதிந்த உலோகத் தகட்டைப் பதிக்கிறது. லூயி விட்டோனும் ஹெர்மெஸும் அப்படிப்பட்ட அட்டை கொடுக்கும் வழக்கமே கிடையாது. ஆகவே ஹெர்மெஸ் பையோடு வரும் ஆரஞ்சு நிற அட்டை, வாங்குபவரை நம்பவைப்பதற்குப் பதில் எச்சரிக்க வேண்டும். இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது, நம்பிக்கை குறைந்த வாடிக்கையாளரை நினைத்துச் செய்யும் வேலை.

பெட்டி, துணி உறை, ரிப்பன், பில் ஆகிய நான்கையும் பையைவிட எளிதாக அச்சடித்துவிடலாம். சில்லும் கடைசிச் சாட்சி அல்ல. போலிப் பையிலும் ஒரு மலிவான சில்லை வைத்துத் தைத்துவிடலாம். சில்லில் பதிந்த தகவல் நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிடப்படும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. அந்தப் பதிவேடு வாங்குபவர் கையில் இல்லை.

## 'அதே தொழிற்சாலைச் சரக்கு'

2025 ஏப்ரலில், அமெரிக்க–சீனச் சுங்கவரிச் சண்டையின்போது, புகழ்பெற்ற பிரெஞ்சுப் பைகள் எல்லாம் எங்கள் தொழிற்சாலையில்தான் செய்யப்படுகின்றன என்று சீன விற்பனையாளர்கள் சிலர் டிக்டாக்கில் காணொளிகள் வெளியிட்டார்கள். அவை வாட்ஸ்அப் வழியாக நம் கைபேசிகளுக்கும் வந்தன. லூயி விட்டோனின் தோல்பொருள் பட்டறைகள் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல், அமெரிக்கா ஆகிய நாடுகளில் உள்ளன. ஹெர்மெஸ் தன் பைகளைப் பிரான்சில் செய்கிறது. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், மிச்சமான சரக்கு' என்ற கதைக்கும் இங்கே இடமில்லை. லூயி விட்டோன் தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை, கழிவுச் சரக்குக் கடையும் வைத்திருப்பதில்லை.

இதே அளவுகோலை எல்லா நிறுவனங்களுக்கும் நீட்டக் கூடாது. அமெரிக்க நிறுவனமான கோச், வியட்நாமிலும் கம்போடியாவிலும் பைகளைச் செய்விக்கிறது. தள்ளுபடிக் கடைகளும் நடத்துகிறது. கோச் பையில் வியட்நாம் என்று இருப்பதைக் கண்டு போலி என்று தூக்கிப் போடுவது, இன்னொரு வகை அறியாமை.

## யாரிடம் காட்டுவது

நிறுவனத்தின் கடைக்கே எடுத்துச் சென்றால் சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்பது இயல்பு. வெளியே வாங்கிய பையைப் பார்த்து 'இது அசல்' என்று எழுதித் தருவதைக் கடைகள் பொதுவாகச் செய்வதில்லை. அதனால் தனி ஆய்வாளர்களும் மறுவிற்பனை நிறுவனங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த என்ட்ரூபி என்ற நிறுவனம் கைபேசியோடு இணையும் நுண்ணோக்கிக் கருவியால் பையின் பல இடங்களைப் பெரிதாக்கிப் படமெடுத்து, ஏற்கெனவே சேர்த்துவைத்த அசல், போலிப் படங்களிலிருந்து கற்ற கணினி நிரலைக் கொண்டு ஒப்பிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் துணியின் இழை, பூச்சின் மேடுபள்ளம், முத்திரை அழுந்திய விளிம்பு ஆகியவை வேறுபடும் என்பதே அதன் அடிப்படை. மனித ஆய்வாளர் செய்யும் அதே ஒப்பீடுதான். சாட்சிகளின் எண்ணிக்கை அதிகம்.

பழகிய கண் வேண்டும் என்றால் அசலையும் போலியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இணை வேறில்லை. பாரிஸுக்குப் போகிறவர்கள் அங்கே 16ஆம் வட்டாரத்தில் இருக்கும் போலிப் பொருள் அருங்காட்சியகத்தில் அதைச் செய்யலாம்.

## வாங்குவதற்கு முன்னும் ஏமாந்த பின்னும்

பழைய பை வாங்குகிறவர், விற்பவரிடம் அழகுப் படங்களைக் கேட்காமல் வேலைக்கு ஆகும் படங்களைக் கேட்க வேண்டும்: கைப்பிடி பையோடு சேரும் இடம், உட்புற முத்திரை, குறியீடு, அடிப்பாகம், ஜிப்பின் பின்பக்கம். எந்த ஆண்டு, எந்த ஊரில், யாரிடம் வாங்கியது என்று கேட்டு, வரும் பதிலைப் பையோடு ஒப்பிட வேண்டும். இந்தப் படங்களை அனுப்பத் தயங்குகிறவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி, போலிக் குறியிட்ட பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாடு செல்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: பிரான்சில் கள்ளப் பொருளை வைத்திருப்பதே சுங்கக் குற்றம், இத்தாலியில் தெருவோரத்தில் அதை வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அசல் என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர், விற்பவர் 'ஒரிஜினல்' என்று எழுதிய உரையாடலையும், பணம் செலுத்திய பதிவையும், பொட்டலம் பிரித்த காணொளியையும் அழிக்காமல் வைத்திருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டு, தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை செல்லலாம். போட்ட பணத்தை எடுப்பதற்காக அதே பையை வேறொருவர் தலையில் கட்ட நினைப்பவர், மேலே சொன்ன சட்டம் தெரிந்தே விற்கும் தனிநபருக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும்.